அரைச்சேவலும் முழு வசவும்

“கஸ்டமரப் பாத்து நீ சிரிச்சியாமே?”

முதலாளி ஃபீனா அம்மா இப்படிக் கேட்டதும் கெரெயோன் தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்லிப் பயனில்லை. அவன் சிரித்ததைப் பீர்க்கூடமே பார்த்திருந்தது.

“தெரியாம சிரிச்சிட்டேன்மா.”

“‘தயவுசெஞ்சு’ன்னு வேற சொன்னியாம்?”

“பழக்கதோஷம்.”

“ஜன்னலோரம் இருந்தாங்களே அந்தப் புருஷன் பொண்டாட்டி, ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்தவங்க. உன் பல்லைப் பாக்கவா அவ்ளோ தூரம் பறந்து வந்தாங்க? அவங்க ஊர்ல சிரிக்க ஆளில்லையா? ‘அசல் கொலோன் சர்வர்னு நம்பி வந்தோம், ஏமாத்திட்டீங்க’ன்னு சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு மானம் போகுது!”

ஃபீனா அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பீர்க்கூடங்களில் நீல ஏப்ரன் கட்டிய சர்வர்கள் வாடிக்கையாளரைத் திட்டுவது பரம்பரைப் பண்பாடு. பயணிகளுக்கான புத்தகங்களில் ரத்த சாசேஜ், கோல்ஷ் என்ற உள்ளூர் பீர் ஆகியவற்றோடு வசவையும் ‘தவறாமல் சுவைக்க வேண்டியவை’ பட்டியலில் சேர்த்திருந்தார்கள். சாசேஜ் தீய்ந்திருந்தால் பயணிகள் மன்னித்துவிடுவார்கள். வசவில் காரம் குறைந்தால் மட்டும் ஊர் போய்ச் சேரும்வரை புலம்புவார்கள்.

கெரெயோனுக்கோ திட்ட வராது. இத்தனை காலம் அவன் வேலை பார்த்தது ஈமச்சடங்கு நடத்தும் நிறுவனத்தில். அழுதுகொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, கைக்குட்டை கொடுத்து, மெல்லிய குரலில் ஆறுதல் சொல்வதுதான் அவன் தொழில். நிறுவனத்தை மூடிவிட்டார்கள். இந்த வேலையும் போனால் மனைவி அவனை ஐஃபல் மலையிலிருக்கும் தன் அப்பாவின் பன்றிப் பண்ணைக்கு இழுத்துப் போய்விடுவாள். மாமனார் ஏப்ரன் கட்டாமலேயே திட்டுவார்.

“லாம்பெர்ட்டப் பாத்துக் கத்துக்கோ” என்று அனுப்பினாள் ஃபீனா அம்மா.

லாம்பெர்ட் அங்கே மூத்த சர்வர். அப்போது உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் முன் தட்டுகளை டமாலென்று வைத்துக்கொண்டிருந்தார். “தின்னுங்க. தின்னுட்டுச் சட்டுன்னு எழுந்திரிங்க. உங்க பாரத்தத் தாங்குற பெஞ்சு பாவம்.” குடும்பமே குலுங்கிச் சிரித்தது. “அசல் கொலோன் மனுஷன்யா!” என்று தாத்தா பூரித்துப் போனார்.

லாம்பெர்ட் பாடத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டார். “எவனாவது தண்ணி கேட்டா, ‘சோப்பும் துண்டும் சேத்துக் கொண்டாரவா?’ன்னு கேளு. மூஞ்ச மட்டும் கடுப்பா வெச்சுக்கோ.”

முதலில் மாட்டியவள் ஒரு நார்வேக்காரி. அவள் தண்ணீர் கேட்டாள். கெரெயோன் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டான். ஆனால் குரல் பழைய வேலையிலேயே நின்றுவிட்டது.

“சோப்பும் துண்டும் சேத்துக் கொண்டு வரட்டுமா?”

அவள் நெகிழ்ந்து போனாள். “எவ்ளோ நல்ல மனசு உங்களுக்கு! கையெல்லாம் ஒரே பிசுபிசுப்பு.”

கேட்டபிறகு கொடுக்காமல் இருக்க முடியுமா? சோப்பு, துண்டு, ஒரு பாத்திரத்தில் வெந்நீர் எல்லாம் கொண்டுபோய் வைத்தான். அவள் கை கழுவினாள். கூட வந்தவர்களும் கழுவினார்கள். பக்கத்து மேசையில் ஒருவர் முகமே கழுவிக்கொண்டார்.

“இது பீர்க்கூடமா, குளியலறையா?” என்று கல்லாவிலிருந்து ஃபீனா அம்மா அலறினாள்.

அந்தத் தவறைச் சரிக்கட்டுவதற்குள் அரைச்சேவல் வந்து சேர்ந்தது. கொலோனில் அரைச்சேவல் என்றால் ரை என்ற தானியத்தில் சுட்ட ஒரு கறுத்த ரொட்டி, தடியாக ஒரு துண்டு பாலாடைக்கட்டி, கொஞ்சம் வெங்காயம், கடுகு விழுது. சேவலின் இறகுகூட இருக்காது. பெயரை நம்பி ஏமாறுகிறவனைப் பார்த்துச் சிரிப்பது சர்வரின் கடமை.

அன்று ஏமாந்தவன் தூண் மாதிரி வளர்ந்த ஒரு கனடாக்காரன். ரொட்டியைத் தூக்கி அடியில் பார்த்தான். தட்டைத் தூக்கி அதன் அடியிலும் பார்த்தான்.

“கோழி எங்கங்க?” என்று கேட்டபோது அவன் உதடு துடித்தது.

இப்போதுதான் சிரிக்க வேண்டும். கெரெயோனுக்குச் சிரிப்பு வரவில்லை. கனடாக்காரனின் தோளில் கை வைத்தான். “உங்க இழப்பு எனக்குப் புரியுது. மனசத் தேத்திக்குங்க.”

அதோடு விட்டிருக்கலாம். தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய்ப் பொரித்த கோழியில் பாதி வாங்கிவந்து வைத்தான். வாசனை பரவியது. “எங்களுக்கும் அரைச்சேவல்!” என்று நாலு மேசைகளிலிருந்து குரல் வந்தது.

ஃபீனா அம்மா அவனைக் கிடங்குப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். “எங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்க அரைச்சேவல் விக்கிறோம். எவன் வாயிலயாவது கோழி பட்டிருக்கா? பரம்பரைப் பேரக் கெடுத்துட்டியேடா!”

லாம்பெர்ட்டுக்கே இரக்கம் வந்துவிட்டது. “நீ வாயே தொறக்காத. கிளாஸ் காலியானா அடுத்தத வெச்சுட்டுப் போய்க்கிட்டே இரு. போதும்னா அவனே கிளாஸுக்கு அடியில இருக்கிற அட்டைய எடுத்து கிளாஸ் மேல மூடிக்குவான். பேசாம போறதே பாதி அவமரியாதைதான்.”

இதில் தவறு நேர வழியில்லை என்றுதான் கெரெயோன் நினைத்தான். போர்ச்சுகலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் அவன் மேசையில் உட்கார்ந்தார். அட்டை விஷயம் அவருக்குத் தெரியாது. வைத்த பீரைக் குடிக்காவிட்டால் உபசரிப்பவர் மனம் நோகும் என்று அவர் குடித்தார். காலிக் கிளாஸை அப்படியே விட்டால் பெரியவர் மனம் நோகும் என்று இவன் அடுத்ததை வைத்தான். இரண்டு பேரும் மரியாதையில் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் பாதிரியார் பெஞ்சின் மேல் ஏறி நின்று, தட்டுகளில் இருந்த சாசேஜ்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுக்க ஆரம்பித்தார்.

அவரை டாக்ஸியில் ஏற்றி அனுப்பியபிறகு ஃபீனா அம்மா கெரெயோனுக்குக் கடிகாரத்தைக் காட்டினாள்.

“இன்னிக்குக் கடை சாத்துறதுக்குள்ள ஒரே ஒருத்தர உருப்படியாத் திட்டிக் காட்டு. இல்லன்னா ஏப்ரனக் கழட்டி வெச்சுட்டுக் கெளம்பு.”

மாலையில் கூடம் நிரம்பி வழிந்தது. கோட்டு போட்ட ஒரு கனவான் கெரெயோனின் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

“ஒரு ஆல்ட் குடுங்க.”

அடுத்தடுத்த மேசைகளில் தலைகள் திரும்பின. ஆல்ட் என்பது டூசல்டார்ஃபின் கறுத்த பீர். டூசல்டார்ஃப் அதே ரைன் ஆற்றில் கொஞ்சம் கீழே, ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் ஜென்மப் பகை. கொலோன் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆல்ட் கேட்டவரை அந்தக் கூடம் இதுவரை பார்த்ததில்லை.

எல்லோரும் கெரெயோனைப் பார்த்தார்கள். அவன் கண்ணுக்கு மட்டும் மாமனாரின் பன்றிகள் தெரிந்தன.

“ஆல்ட்டா?” என்றான். குரல் கீச்சென்று வந்தது. மறுபடி ஆரம்பித்தான். “ஏன்யா, அந்தக் கறுப்புத் தண்ணிதான் வேணும்னா ஆத்துல விழுந்து மெதந்துக்கிட்டே உங்க ஊருக்குப் போக வேண்டியதுதானே? நாங்க பாத்திரம் கழுவின தண்ணி அங்கதான் வருது. அதத்தான பீர்னு குடிக்கிறீங்க! கோட்டு ஒரு கேடா? நல்ல பீர் என்னன்னு தெரியாத நாக்கு எதுக்கு, தபால்தலை ஒட்டவா?”

நிறுத்த முடியவில்லை. பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொத்துக்கு அடித்துக்கொண்டவர்கள், மாமனார், ஆஸ்திரேலியத் தம்பதி என்று யார் யாருக்கோ சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் அந்தக் கோட்டின் மேல் கொட்டியது. கனவான் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

கூடம் அதிர்ந்தது. மேசைகளைத் தட்டினார்கள். கனடாக்காரன் அவனைத் தூக்கிச் சுற்றினான். “இதுதான்டா கொலோன்! நாளைலேர்ந்து நீ நிரந்தரம்” என்று ஃபீனா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லாம்பெர்ட் மட்டும் கை தட்டவில்லை. வாசலையே பார்த்தபடி ஒரு கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். கெரெயோன் மூச்சுவாங்க அவரிடம் ஓடினான்.

“அண்ணே, எல்லாம் உங்க ஆசீர்வாதம். ஆனாலும் உங்க அளவுக்கு நடிக்க எனக்கு எந்தக் காலத்துலயும் வராது.”

லாம்பெர்ட் ஃபீனா அம்மா காதில் விழாதபடி குனிந்தார்.

“நடிப்பா? நான் டூசல்டார்ஃப்காரன்டா. வந்த நாள்லேர்ந்து உங்க ஊர்க்காரங்கள மனசாரத்தான் திட்டிக்கிட்டிருக்கேன்.”