ஒரே கிளையை இரண்டு முறை வெட்டியவர்

ஒரே கிளையை இரண்டு முறை வெட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் மலேசியாவில், கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங்கில் இருக்கிறார். ஆதாரம் கேட்பவர்கள் என் வீட்டுச் சமையலறைக் கூரையை வந்து பார்க்கலாம்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் கேமரா அண்ணன். தொழில், மரம் ஏறி வெட்டுவது. தலையில் ஆரஞ்சு நிற ஹெல்மெட், அதன் நெற்றியில் தீப்பெட்டி அளவில் ஒரு கேமரா. மரத்தில் இருக்கும்போது மட்டும் மாட்டினால் நியாயம். மனிதர் திகாம் பத்து ஊரின் சாலையோர ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் பிய்க்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார். அவர் நுழைந்தாலே தே தாரிக் டீ ஆற்றுபவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார். சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்யாணத்துக்கு அப்படியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் வீடியோக்காரரை அம்போவென்று விட்டுவிட்டு, தாலி ஏறும்வரை இவர் நெற்றியைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்த வீடியோவை இணையத்தில் ஏற்றி ஊருக்கெல்லாம் அனுப்புவார். பாவமே என்று ஒருநாள் திறந்தேன். தலையில் கேமரா இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் தலையைத் திருப்புகிற ஆள். எறும்பு கடித்தால் எறும்பு, பக்கத்து வீட்டில் கைலி காய்ந்தால் கைலி, மேலே விமானம் போனால் விமானம். பத்தாவது நிமிடம் எனக்குத் தலை சுற்றி, எலுமிச்சம்பழத்தைத் தேடி ஓடினேன். நடுநடுவே இடுப்புக் கயிற்றைக் குனிந்து பார்த்து, "கொக்கி மாட்டியாச்சு, பாத்துக்க" என்பார். கிளைக்குக் கிளை இதே பாட்டு. யாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்? நான் திறந்தபோது கீழே 'பார்த்தவர் 1' என்றிருந்தது. பழைய வீடியோக்கள் எல்லாவற்றிலும் அதே ஒன்றுதான். படத்தை எடுத்தவரே பார்த்தும் கொள்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

தாமான் என்கிற குடியிருப்பில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு மாமரம். அதன் பெரிய கிளை சமையலறைத் தகரக் கூரைமேல் சாய்ந்து, காற்றடித்தால் கரகரவென்று தேய்க்கும். "ஒண்ணு இந்தக் கிளை போகணும், இல்ல நான் எங்கம்மா வீட்டுக்குப் போகணும்" என்று மனைவி சொல்லிவிட்டாள். கேமரா அண்ணனைக் கூப்பிட்டேன்.

கயிறு பிடிக்கத் தன் மச்சானோடு வந்தார். மரத்தடியில் சூடம் ஏற்றி, "தாயே, பொறுத்துக்க" என்று மன்னிப்புக் கேட்டார். ஏறினார். "கொக்கி மாட்டியாச்சு, பாத்துக்க." கிளையைக் கயிற்றில் கட்டி, செயின்சாவால் அறுத்து, கூரைக்கு ஒரு முழம் தள்ளி இறக்கினார் பாருங்கள், ஒரு இலைகூடத் தகரத்தில் படவில்லை. நான் கை தட்டியே விட்டேன்.

மேலிருந்து குரல் வந்தது. "தம்பி, நெத்தியில செவப்பு லைட் எரியுதா பாருங்க."

"இல்லண்ணே."

"ஆயோ! அமுக்க மறந்துட்டேன் லா!"

மனிதர் சரசரவென்று இறங்கினார். முகம் வெளிறிவிட்டது. "மச்சான், கிளைய மேல ஏத்து."

"என்னாது?"

"திரும்ப வெட்டணும்."

நானும் மச்சானும் கயிற்றை இழுத்து இழுத்து, உள்ளங்கை எரிய, அந்தக் கிளையை மறுபடி மேலே ஏற்றினோம். அவர் அதை மிச்சமிருந்த கட்டையோடு சேர்த்து நீல ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் கட்டினார். இறங்கினார். சிவப்பு விளக்கை எரியவிட்டார். ஒரு கை போய் நிற்கும் மரத்திடம் இரண்டாவது தடவையாகச் சூடம், இரண்டாவது தடவையாக மன்னிப்பு. ஏறினார். "கொக்கி மாட்டியாச்சு, பாத்துக்க."

வினை அங்கேதான். நெற்றிக் கேமராவுக்கு அவர் பார்ப்பதெல்லாம் தெரியும். ராஃபியா தெரியக் கூடாது என்றால் ராஃபியாவை அவரே பார்க்கக் கூடாது. ஒரு கையில் செயின்சாவைச் சும்மா உறும விட்டு, ஆகாயத்தைப் பார்த்தபடி, மறுகையில் கத்தியால் தடவித் தடவி அறுத்தார். கிளை ஊஞ்சலாடிப் போய்த் தகரத்தைப் பிளந்து உள்ளே இறங்கியது.

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "ரசத்துல மாவெல கெடக்கு! மொத தடவ நல்லாத்தானே எறங்குச்சு? யாருக்குண்ணே இந்தக் கூத்து?"

கேமரா அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றினார். வழுக்கைத் தலையை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். "என் வீட்டுக்காரிக்கு, தங்கச்சி. முன்ன பெத்தாய் மரத்துலேர்ந்து விழுந்து இடுப்பு ஒடஞ்சிருச்சு. கொக்கி மாட்டல. ரெண்டு மாசம் அவதான் ஊட்டிவிட்டா. ஏறுறதுலேர்ந்து எறங்குற வரைக்கும் வீடியோ காட்டணும், கொக்கி தெரியணும். காட்டாம ஒரு நாள் ஏறினாலும் அன்னியோட செயின்சாவத் தொடக் கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. எனக்கு வேற வேல தெரியாது. தெரிஞ்சாலும் புடிக்காது."

வீடியோவை அனுப்பிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டபடி தகரத்தை நிமிர்த்தத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கையெல்லாம் அழுக்கு என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, கிளையில எதுக்கு நீலக் கயிறு?"

"அது... காத்துக்கு, புள்ள."

"வெட்டப் போற கிளை காத்துல விழுந்துருமேன்னு கட்டிப் போட்டீங்களா?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"பேச்சு பேச்சுதான். செயின்சாவக் கீழ வைங்க."

"அக்கா, மாமா கொக்கி மாட்டினாரு" என்றார் மச்சான்.

"நீ வாய மூடு. நீ அவரு கட்சி. அந்த வீட்டுப் பொம்பளகிட்டப் போனக் குடு."

இருந்திருந்து, கூரை போனவளிடமா சாட்சி கேட்பது? கேமரா அண்ணன் செயின்சாவைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு நின்றார். மனைவி போனை வாங்கினாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு என் கூரைய ஒடச்சாரு. ரசத்தப் பாழாக்கினாரு. ஆனா ரெண்டு தடவையும் கொக்கி மாட்டித்தான் ஏறினாரு. லைட் எரியாதப்பவும் குனிஞ்சு பாத்து, 'பாத்துக்க'ன்னு உங்ககிட்டச் சொன்னாரு. நான் சன்னல்ல நின்னு கண்ணால பாத்தேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சரிம்மா. அந்த ரசத்தக் கொட்டிரு. நாளைக்குப் புதுத் தகரத்தோட அவர அனுப்புறேன். கூரையில ஏறும்போதும் கேமரா போடச் சொல்லு."

மறுநாள் வந்து கூரையை மாற்றிக் கொடுத்தார். தகரத்தின்மேல் தவழ்ந்துகொண்டே நாற்பது தடவையாவது கொக்கியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இப்போது அவர் வீடியோக்களுக்குக் கீழே 'பார்த்தவர் 2' என்று இருக்கும். ஒன்று அந்த அக்கா. மனிதர் எந்த மரத்தில் ஏறினாலும், கொக்கி மாட்டியதைப் பார்க்காமல் எனக்கும் சோறு இறங்குவதில்லை.