முழங்கால் உயரத்தில் ஒரு போல்ட்

பொன்மலை குவார்ட்டர்ஸில், எங்கள் லைனிலேயே ஒரு வீட்டில் திருடன் புகுந்து இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கே என் வீட்டுக்காரர் கிளமென்ட் சபதம் எடுத்தார். வீட்டில் எல்லாக் கதவுக்கும் போல்ட்.

அவர் ரயில்வே குமாஸ்தா. டிக்‌ஷனரி பார்க்காமல் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார். ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே எனக்குப் பாடம் நடந்தது. ஆதியில் போல்ட் என்றால் குட்டை அம்பாம். அம்பு மாதிரி ஓட்டைக்குள் பாய்வதால் கதவில் இருப்பதற்கும் அதே பெயராம். மின்னலும் போல்ட்டாம். குதிரை மிரண்டு ஓடினாலும் போல்ட்டாம்.

"எங்க ஊரு தொட்டியத்துல அதுக்குப் பேரு தாழ்ப்பாள். பாயாது, ஓடாது. போட்டா போட்ட இடத்துல கிடக்கும்" என்றேன்.

"உனக்கு வார்த்தையோட வேர் தெரியாது, லூர்து."

சமையலறைக் கதவை மேலே கரையான் அரித்திருந்தது. அதனால் அங்கே மட்டும் முழங்கால் உயரத்தில் மாட்டினார். அந்த உயரத்தில் எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். எங்கள் மகள் ரோசரி, இரண்டு வயசு.

மறுநாள் காலை ஸ்டவ்வில் பாலை வைத்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி இவரிடம் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். இவர் முகச்சவரத்தில் இருந்தார். திரும்பி வந்தால் சமையலறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே 'டக்'. கூடவே ஒரு சிரிப்பு.

ஸ்டவ் தரையில்தான் எரிகிறது. பிள்ளை போட்டிருப்பதோ நைலான் கவுன்.

"ரோசரி, போல்ட்டை மேல தூக்கி, இடது பக்கமா இழும்மா" என்று இவர் சோப்பு நுரையோடு கதவுக்குப் பாடம் எடுத்தார். சிரிப்பு அழுகையானது. தோளால் மோதினார். தோள்தான் வீங்கியது. பால் தீயும் வாசனை வந்தது. மாதாவே என்பதுகூட என் வாயில் வரவில்லை.

தினமும் ஆபீஸ் கிளம்பும்போது இவர் சைக்கிள் மணியை அடிப்பார். அவள் ஓடிவந்து ஏறிக்கொள்வாள். லைன் முக்குவரை ஒரு ரவுண்டு.

நான் வாசலுக்கு ஓடி மணியை அடித்தேன். விடாமல் அடித்தேன்.

போல்ட் நகர்ந்தது. ஓடிவந்தவளை வாரி எடுத்துக்கொண்டேன்.

இவர் ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து, "பாத்தியா, நான் சொன்ன மாதிரியே தூக்கி இழுத்திருக்கா" என்றார்.

கையோடு போல்ட்டைக் கழற்றி வெளிப்பக்கம் மாட்டினார். இனி எவளும் உள்ளே பூட்டிக்கொள்ள முடியாதாம். சோதித்துப் பார்க்க உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

டக். வெளியே ரோசரி கைதட்டினாள்.

ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது. "லூர்து, நேரமாச்சு, திற" என்றார்.

"இருங்க, போல்ட்டை எந்தப் பக்கமா இழுக்கணும்னு யோசிக்கிறேன். தெரிஞ்சதும் திறக்கிறேன். அதுவரைக்கும் அந்தப் பால் பாத்திரத்தைத் தேய்ச்சு வையுங்க."