பரணும் பாதி மீசையும்

ஞாயிற்றுக்கிழமைக்குள் என் பந்து எங்கள் கொல்லைக்குப் பின்னாலுள்ள காலி மனையின் கடைசியில் நிற்கும் விளக்குக் கம்பத்தைத் தாண்டவில்லை என்றால் பாதி மீசையை எடுத்துவிடுகிறேன் என்று பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் சவால் விட்டுவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. நான் ஆசையாக வளர்த்த ஒன்று என் சொல் கேட்கிறது என்றால், அது இந்த மீசை மட்டும்தான்.

கையால் எறிவதில்லை. அந்தக் காலத்தில் கோட்டைச் சுவரை உடைக்கக் கல்லெறிவார்களே, அந்தப் பொறியைக் கொல்லைப்புறத்தில் நானே கட்டியிருந்தேன். மரச்சட்டத்தின்மேல் நீளமாக ஒரு கை. அதன் ஒரு முனையில் கனமான பெட்டி, மறுமுனைக் கயிற்றில் பந்து வைத்த துணிப்பை. பெட்டி இறங்கினால் பந்து பறக்கும். முதல் தடவை நேர்மேலே பறந்து என் தலையிலேயே இறங்கியது. வாத்தியார் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. தைலத்தோடு ஓடி வந்தாள்.

"வலிக்குதாங்க?"

"தலை பரவாயில்ல. மானம்தான் வலிக்குது."

"எடை போதலையோ? பெட்டியில நாலு செங்கல்தானே இருக்கு?"

"கனத்துக்கு நான் எங்க போவேன்?"

"பரண்ல உங்க பொக்கிஷம் இருக்கே!"

ஓடாத மின்விசிறி மோட்டார் மூன்று, கைப்பிடி போன இஸ்திரிப்பெட்டி, தைக்காத தையல் மெஷினின் தலை... என்றைக்காவது உதவும் என்று பதினெட்டு வருஷமாகச் சேர்த்தவை. பரணைக் காலி செய்யச் சொல்லி அவள் நச்சரிக்காத மாதமில்லை. நான் மசிந்ததே இல்லை. இப்போது நானே ஏறினேன். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். என்ன அன்பு என்று உருகிப்போனேன்.

மோட்டார் மூன்றையும் இறக்கிப் பெட்டியில் போட்டேன். பந்து பாதி மனை போனது.

"மீதியையும் போட்டா?"

போட்டேன். கம்பத்துக்குப் பத்தடி முன்னால் விழுந்தது. அச்சுக்கு கிரீஸ் தடவினேன், கயிற்றை நீட்டினேன். இன்னும் மூன்றடி பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஒவ்வொரு தடவையும் சட்டம் கிடந்து குலுங்குதுங்க. அந்த வேகமெல்லாம் வீண்தானே? அடியில சக்கரம் மாட்டிப் பாருங்க."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினெட்டு வருஷமா உங்களோட இருக்கேன். கட்டிப் போட்டா குலுங்கறதும், விட்டா ஓடறதும் எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை, நாலு சக்கரம் மாட்டியாயிற்று. தடுப்புக் கட்டையை உருவினேன். பெட்டி இறங்கியது, சட்டம் உருண்டது, பந்து கம்பத்தைத் தாண்டி அடுத்த தெருவில் போய் விழுந்தது! வாத்தியார் மதிலைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். மனைவி சின்னப் பெண்ணைப்போலக் கைதட்டினாள்.

"ஓடிப்போய்ப் பந்தை எடுத்துட்டு வாங்க!" என்றாள்.

ஓடினேன். மீசையை முறுக்கியபடி திரும்பி வந்தால், கொல்லைப்புறம் வெறிச்சென்று கிடந்தது. வாசல்வரை சக்கரத் தடம். தெருமுனையில் பழைய இரும்பு வாங்குகிறவரின் வண்டி. அதன் பின்னால் கயிறு கட்டி, என் பொறி சமர்த்தாக உருண்டு போய்க்கொண்டிருந்தது.

"என்ன அநியாயம் இது?"

"பரண்லல்லாம் ஏறமாட்டேன், வாசலுக்குக் கொண்டு வந்தா எடுத்துக்கறேன்னு அவரு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருந்தாருங்க."

கத்த வாயைத் திறந்தேன். அவள் எட்டி என் மீசையை நீவிவிட்டாள். "இது முழுசா தப்பிச்சுதுல்ல?" கத்த வந்தது மறந்துபோனது. உள்ளே போன் அடித்தது. போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"எங்கம்மாங்க. எங்கப்பாவுக்கும் ஒண்ணு கட்ட நீங்க கத்துக்குடுக்கணுமாம். அங்கயும் பரண் ரொம்பி வழியுதாம்."