ஹாரன் அண்ணனும் மூடிய ரயில்வே கேட்டும்

கும்மிடிப்பூண்டியில் ரயில்வே கேட்டு மூடினால் சந்தோஷப்படுகிற ஒரே ஆட்டோக்காரர் எங்கள் ஹாரன் அண்ணன்தான். மற்ற வண்டிக்காரர்கள் கேட் கீப்பரின் பரம்பரையையே திட்டித் தீர்க்கும்போது, இவர் மட்டும் இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பிச் சிரிப்பார். பின்னால் புளிமூட்டை மாதிரி பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதில் ஐந்தாவது படிக்கும் என் மகள் கீர்த்தியும் ஒருத்தி.

வண்டியின் பக்கவாட்டில் ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன் ஒன்று இருக்கும். காலையில் தான் நாஷ்டா சாப்பிடுகிறாரோ இல்லையோ, அதைப் புளி போட்டுத் துலக்காமல் வண்டியை எடுக்க மாட்டார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

உடற்பயிற்சிக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. தொப்பை ஹேண்டில்பாரைத் தொடும். ஆனால் உலகத்திலுள்ள எல்லா விளையாட்டுக்கும் தானே கோச் என்று நினைப்பு. கேட்டு மூடியதும், "கேட்டு மூட்டாங்க! கண்ண மூடு! ஓடு!" என்பார். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே மனதுக்குள் ஓட வேண்டும். சும்மா இல்லை. கால் தரையில் படுவது தெரியணும், மூச்சு வாங்கணும், வளைவு வந்தால் சாயணும். எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்ததில் ஆட்டோ ஒருநாள் பக்கத்தில் நின்ற பால் வண்டி மேல் விழப் பார்த்தது. ரயில் போய்க் கேட்டு திறந்ததும் ஹாரன் அடிப்பார். அடித்த நொடியில் எல்லாரும் நின்று கண்ணைத் திறந்துவிட வேண்டும். அதில் மட்டும் ரொம்பக் கண்டிப்பு.

ஒருமுறை யுகேஜி குட்டி ஒன்று, "அண்ணா, நான் வியுந்துட்டேன்" என்று அழுதது. மனதுக்குள் விழுந்த குழந்தைக்கு அண்ணன் நிஜ முழங்காலில் தேங்காய் எண்ணெய் தடவினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிப்காட் கம்பெனிக்கு ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்திலும் ஒருநாள் வண்டியை மறித்துக் கேட்டுவிட்டேன்.

"இன்னாண்ணா இது? கண்ண மூடிக்கினு குந்தினா கால் ஓடுமா?"

"கால் ஓடாதுக்கா. மனசு மொதல்ல போயி வழியப் பாத்துக்கினு வந்துரும். அப்பால கால் போவும்."

"அப்ப உங்க தொப்பை ஏன் இன்னும் இங்கியே கீது?"

"அது மனசுல எப்பவோ கொறஞ்சிருச்சுக்கா."

இவரிடம் பேசி ஜெயிக்க முடியுமா? பள்ளியின் பி.டி. டீச்சரிடம் போய்ப் புகார் சொன்னேன். அவரோ, "நல்லதுதாங்க. இந்த வயசுல அப்படி நெனச்சுப் பாத்துப் பழகினா உடம்பு சீக்கிரம் புடிச்சுக்கும். ஆனா நெனப்பு மட்டும் பத்தாது. சாயங்காலம் நெஜமாவும் ஓட விடுங்க" என்றார். புகார் சொல்லப் போய் வேலையை வாங்கிக்கொண்டு வந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த காலோடு குவார்ட்டர்ஸ் தெருவில் கீர்த்தி பின்னால் நானும் ஓடினேன்.

அவளுக்கு இது விளையாட்டில்லை. போன வருஷம் ஓட்டப்பந்தயத்தில் மூச்சு வாங்கி, பாதியிலேயே நின்று, அழுதுகொண்டு வெளியே வந்தவள். வகுப்பில் 'பாதிவழி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ஜெயிக்கல்லாம் வேணாம்மா. இந்த வாட்டி கோட்டத் தொட்டாப் போதும்" என்றாள்.

விளையாட்டு விழாவுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். கம்பி வேலிக்கு வெளியே ஆட்டோவும், புதுச் சட்டையில் அண்ணனும். விசில் ஊதியதும் கீர்த்தி நன்றாகத்தான் ஓடினாள். போன வருஷம் நின்ற இடத்தைத் தாண்டினாள். இரண்டு பேரை முந்தினாள். அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஹாரனை அமுக்கிவிட்டார்.

பாம்... பாம்!

கீர்த்தி நின்றுவிட்டாள். பக்கத்தில் ஓடியவளும் அதே ஆட்டோ, அவளும் நின்றாள். ஓரமாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்த யுகேஜி குட்டிகூடக் கைதட்டுவதை நிறுத்திவிட்டது. மற்ற பிள்ளைகள் இவர்களைக் கடந்து போனார்கள். "பாதிவழி! பாதிவழி!" என்று ஒரு குரல். "அடப்பாவி மனுஷா!" என்று நான் வேலியைப் பார்த்துக் கத்தினேன்.

அண்ணன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. அத்தனை தொப்பையையும் தூக்கிக்கொண்டு வேலிமேல் ஏறி அடித்தொண்டையில் அலறினார்.

"கேட்டு மூட்டாங்க! கீர்த்தி, கேட்டு மூட்டாங்கம்மா! ஓடு!"

தலைமையாசிரியை பதறிப்போய்ப் பள்ளி வாசலைத் திரும்பிப் பார்த்தார். என் பெண் எங்கேயும் பார்க்கவில்லை. ஓடினாள். கூட நின்றவளும் ஓடி, எல்லாரும் முடித்த பிறகு, கடைசி ஆளாகச் சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டாள். பெற்றவள் நான் இந்தப் பக்கம் கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன், அவள் நேராக வேலிக்கு ஓடி, "அண்ணா, தொட்டுட்டேன்!" என்கிறாள். அந்த மனுஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார்.

மறுநாள் காலை ஆட்டோ சத்தமில்லாமல் வந்து நின்றது. ஹாரன் இருந்த இடத்தில் ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும்.

"எங்கண்ணா ஹாரன்?"

"அது பேஜாருக்கா. கொயந்தய நிக்க வச்சிருச்சு. கயட்டிட்டேன்."

இன்றுவரை தலையை வெளியே நீட்டி, "வழி வுடு நைனா, வழி வுடு" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் ஓட்டுகிறார். அந்தக் குரல் தெருமுனையில் கேட்டதும், பையை மாட்டிக்கொண்டு ஓடுகிற கீர்த்திக்கு முன்னால் நான் வாசலில் போய் நிற்கிறேன்.