மாமா முன்கூட்டியே வைத்த பேனர்

எங்கள் ஊரான உறுவையாற்றில் ஒரு காரியம் நடந்ததா இல்லையா என்பதற்குப் பேனர்தான் சாட்சி. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் முச்சந்தியில் பேனர் நின்றால்தான் நடந்ததாக அர்த்தம். அந்தக் கணக்குப்படி, ஒரு வரிகூட அச்சில் வராமலே எழுத்தாளர் ஆனவள் நான்.

அப்போது திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் கதை எழுதுவேன். புதியவர்களுக்கான சிறுகதைப் போட்டி என்று ஓர் இதழ் அறிவித்ததும் என் காவியத்தை அனுப்பிவைத்தேன். கதை பாரிஸில் நடக்கிறது. முதல் வரியில் அழத் தொடங்கும் கதாநாயகி, கடைசி வரியில் பனியில் விழுந்து செத்துப்போகிறாள். (நான் பார்த்த பனி, மார்கழியில் பஸ் கண்ணாடியில் படிவது மட்டும்தான்.)

அனுப்பிய உடனே மெயில் வந்தது. 'தங்கள் சிறுகதை கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. தேர்வு விவரம் பின்னர் அறிவிக்கப்படும்.' அனுப்புகிற எல்லோருக்கும் தானாகப் போகிற பதில். என் புத்தி இருக்கிறதே, கடைசி வாக்கியத்தை வெட்டிவிட்டு, மீதியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த செல்வம் மாமாவுக்கு அவல் கிடைத்தது.

செல்வம் மாமா அம்மாவின் தம்பி. யார் வீட்டு விசேஷப் பேனரிலும் கூலிங்கிளாஸும் காதில் போனுமாக அவர் இருப்பார். மறுநாள் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், முச்சந்தியில் நானே நிற்கிறேன். 'சிறுகதைப் போட்டியில் வெற்றிவாகை சூடிய உலகப் புகழ் எழுத்தாளர்!' என் படம், மஞ்சள் நீராட்டு விழாவில் பூ ஜடையோடு எடுத்தது. மாமா படம் அதைவிடப் பெரிது.

"மாமா, கழட்டுங்க மாமா. நான் இன்னும் ஜெயிக்கவே இல்ல."

"இன்னாம்மா நீ? அடக்கம் வேணும்தான், அதுக்குன்னு இவ்ளோவா?"

கெஞ்சினேன், அழுதேன். பேனர் இறங்கவில்லை. அம்மாவோ திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கப் போய்விட்டாள்.

பேனரைப் பார்த்தவர்கள் கதையைக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். குரலை நடுங்கவிட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா பொறுமை இழந்துவிட்டாள். "ஏண்டி, அந்தப் பொண்ணு ஆரம்பத்துலேர்ந்து அழுதுகினே கீதே, ஒரு வாய் சோறு துன்னுச்சா இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உள்ளே போய்க் கதை முழுக்கத் தேடினேன். நிஜமாகவே எங்கும் அவள் ஒரு டீகூடக் குடித்திருக்கவில்லை.

பிறகு முடிவு வந்தது. 'தங்கள் கதை தேர்வாகவில்லை. தொடர்ந்து எழுதுங்கள்.' இனி எழுதுவதே இல்லை என்று சபதம் செய்துகொண்டு, ஊர் சிரிப்பதற்குள் மாமாவிடம் போய் போனை நீட்டினேன். கூலிங்கிளாஸைக் கழற்றிவிட்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வேணாம்னா இன்னா போடுவான்? 'எழுதாதே'ன்னுதானே போடுவான்? 'தொடர்ந்து எழுதுங்க'ன்னு மரியாதையா கேட்டுக்கீறான். அதுவும் இல்லாம, பேனர் வெச்சாச்சும்மா. இனிமே எந்த மூஞ்சிய வெச்சிகினு நான் கழட்டறது?"

அவர் மானத்தைக் காப்பாற்றவாவது எழுத வேண்டியதாயிற்று. பாரிஸை மூட்டை கட்டினேன். இந்த முறை, மருமகளுக்கு அவசரப்பட்டுப் பேனர் வைத்துவிட்டு முழிக்கிற ஒரு மாமாவின் கதை. அதில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அதே இதழுக்கு அனுப்பிவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன். வெளியிட்டார்கள்!

இதழை விரித்து மாமா கையில் கொடுத்தேன். "இப்ப வைங்க மாமா பேனரு."

"அதான் அப்பவே வெச்சிட்டனே? நான் அட்வான்ஸா வெச்சேன். நீதான் லேட்டு."

அந்தப் பேனர் இன்று எங்கள் வைக்கோல் போரை மூடியிருக்கிறது. மழையில் என் முகம் வெளுத்துவிட்டது, மாமாவின் கூலிங்கிளாஸ் மட்டும் அப்படியே இருக்கிறது. வீட்டில் யார் பரீட்சை எழுதினாலும், வேலைக்கு மனு போட்டாலும் அம்மா கேட்பாள்: "தம்பிகிட்ட சொல்லி மொதல்ல பேனர் வெச்சிடலாமா? அப்பறம் நடக்காம பூடுமா இன்னா?"

இப்போது ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதியில் நின்றுபோயிருக்கிறது. பேசாமல் மாமா காதில் போட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்.