வசந்திக்கு டீசி கொடுத்த விஷயமாக

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்.
புதன்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் சந்திரசேகரன் அவர்களுக்கு மாப்பிள்ளை சிவஞானம் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் தங்கை வசந்தியும் சௌக்கியம். விருதுநகரில் தாங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் சமாச்சாரம் தெரிந்ததுதான், அதை மட்டும் கழித்துக்கொண்டு நம்புகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை போனில், ‘வசந்திக்கு டீசி குடுத்துட்டாங்க மச்சான்’ என்று நான் சந்தோஷமாகச் சொன்னதும் தாங்கள் ‘ஐயையோ’ என்று போனை வைத்துவிட்டீர்கள். வைத்ததோடு விடாமல் மதுரை தாயம்மாள் சித்திக்கும் சொல்லியிருக்கிறீர்கள். சித்தி என்னைக் கூப்பிட்டு, ‘காலேஜை விட்டு விரட்டுற அளவுக்கு இந்த வயசுல அவ என்னய்யா பண்ணினா?’ என்று ஒரே அழுகை. நம் ஊரில் ஒருவனுக்கு டீசி கொடுத்தார்கள் என்றால் பள்ளிக்கூடக் கக்கூஸில் பீடி பிடித்து மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம், எனக்கும் தெரியும். ஆனால் ஒரு காலேஜிலிருந்து அதைவிடப் பெரிய படிப்புக்கு இன்னொரு காலேஜ் போகிறவளும் டீசி வாங்கித்தானே போக வேண்டும்? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே எழுதுகிறேன். இந்தப் பகுதியைச் சித்திக்கு உரக்கப் படித்துக் காட்டலாம். கடைசிப் பகுதியைத் தாங்கள் மட்டும் படிக்கவும்.

மகள் சாஹித்யா கல்யாணமாகிப் புனே போன பிறகு, வசந்தி தார்நாகாப் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஆபீஸ் நிர்வாக டிப்ளமோ சேர்ந்தது தங்களுக்குத் தெரியும். அப்போதே மேல்வீட்டு அனந்தகிருஷ்ணன், ‘அது எந்தக் கம்யூனிட்டிக்கு உள்ள காலேஜ் சார், நம்மாளுங்களைச் சேப்பாங்களா?’ என்று கேட்டார். அது சாதி சர்டிபிகேட் கம்யூனிட்டி இல்லை, அக்கம்பக்கத்து ஜனங்கள் எல்லோருக்குமான காலேஜ் என்று புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அந்தக் காலேஜில் தங்கள் தங்கைதான் முதல் மார்க். இரண்டாவதாக வந்தவனுக்கு நம் சாஹித்யா வயதுகூட இல்லை. அவன் வசந்தியை ஆன்ட்டி என்று கூப்பிட்டு நோட்ஸ் வாங்கிப் படித்தவன். அங்கே பிரின்சிபாலாக இருக்கிற பூர்ணா மேடம்தான், ‘இங்கே படிச்ச படிப்பை டிகிரில கழிச்சுக்குவாங்கம்மா, நீங்க நிறுத்தக் கூடாது’ என்று விரட்டி விரட்டி, ஷாமிர்பேட்டைத் தாண்டி இருக்கிற ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜுக்கு எழுதிப் போட வைத்தார். அங்கே நேராக பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள். இதற்குப் பெயர் டிரான்ஸ்ஃபர். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், கம்பெனியில் என்னோடு ரிட்டயரான தேவராஜைக் கடையில் பார்த்து, ‘வசந்திக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சுப்பா’ என்றேன். எங்கள் கம்பெனியில் மேலதிகாரியோடு முறைத்துக்கொண்டவனுக்குத்தான் டிரான்ஸ்ஃபர் வரும். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ‘யாரைப் பகைச்சுக்கிட்டா? யூனியன்ல பேசிப் பாப்போமா?’ என்கிறான். அனந்தகிருஷ்ணனிடம் ஜாக்கிரதையாக, ‘அவ கிரெடிட்டெல்லாம் டிரான்ஸ்ஃபர் ஆகுது சார்’ என்று, முடித்த படிப்பின் கணக்கைத்தான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘யார் கேட்டாலும் ஓடிபி மட்டும் சொல்லிடாதீங்க’ என்றார். ஒரு நல்ல சேதியை இந்த ஊரில் யாரிடம்தான் சொல்வது மச்சான்?

இன்டர்வியூவைக் கேளுங்கள். வாசலில் செக்யூரிட்டி என் கழுத்தில் ‘பேரன்ட்’ என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், ‘உங்க பாப்பா பேரு என்ன?’ என்று தெலுங்கில் கேட்டாள். ‘வசந்தி’ என்றேன். ‘பழைய காலத்துப் பேரா அழகா வெச்சிருக்கீங்க’ என்றாள். நான் மறுக்கவில்லை. உள்ளே மூன்று புரொபசர்கள். நான் கதவுக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொண்டேன், ஒட்டுக்கேட்கவில்லை, கதவுதான் சரியாகச் சாத்தவில்லை. ‘ரொம்ப நாளா உங்களுக்கு விடை கிடைக்காத கேள்வி ஏதாவது இருக்கா?’ என்று இங்கிலீஷில் கேட்டார்கள். தங்கள் தங்கை கொஞ்சமும் யோசிக்காமல், ‘குக்கர்ல மூணு விசில்னு முதல்ல முடிவு பண்ணினது யாரு? அவங்களுக்கு யாரு சொன்னா? நான் ஏன் அதை ஒரு நாளும் கேக்கல?’ என்றாள், தெலுங்கும் இந்தியும் இங்கிலீஷுமாக. போச்சு என்று நான் எழுந்தே விட்டேன். உள்ளே ஒருவர் சிரித்தார், ஒருவர் எழுதிக்கொண்டார், இன்னொருவர் ‘எங்க வீட்ல நாலு விசில்’ என்று ஆரம்பித்தார். பிறகு ஒரு விஷயத்தை நாம் ஏன் நம்புகிறோம், எதை வைத்து நம்புகிறோம் என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் மூண்டு, நடுவில் வசந்தி, ‘இருங்க சார், மேடம் பேசி முடிக்கட்டும்’ என்று பஞ்சாயத்துப் பண்ணுகிறாள். இத்தனை வருஷமாக அந்த விசிலை எண்ணிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்தவன் நான். இப்படி ஒரு கேள்வி சமையலறைக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. வெளியே வந்தவளைப் பார்த்ததும் எழுந்து நின்றேன். கம்பெனியில் சேர்மன் வந்தால்கூட நான் கடைசியாகத்தான் எழுந்திருப்பேன்.

அப்புறம் டீசி. பழைய காலேஜ் ஆபீஸில் கிளார்க், ‘பேரன்ட் சைன் காவாலி சார்’ என்றார், பெற்றவர்கள் கையெழுத்து வேண்டுமாம். அதில் நானே போட்டேன். நடத்தை என்கிற இடத்தில் ‘திருப்திகரம்’ என்று இருந்தது. எனக்கு வந்ததே கோபம். ‘யாருக்குத் திருப்தி? அவளோட குடும்பம் நடத்துறவன் நான், என்னைக் கேட்டு எழுதுங்க’ என்று தெலுங்கில் பிடித்துக்கொண்டேன். ‘எல்லாருக்கும் அதேதான் சார் போடுவோம்’ என்கிறார். ‘எல்லாரும் இவளும் ஒண்ணா?’ என்று கேட்டேன். வசந்தி என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள், நான் நகரவில்லை. கடைசியில் பூர்ணா மேடமே வந்து ‘மிகச் சிறப்பு’ என்று மாற்றி எழுதி முத்திரை குத்தினார். அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், தங்களுக்கும் அனுப்புகிறேன், பெரிதாக்கிப் பார்க்கவும்.

இனி வருவதைத் தாங்கள் மட்டும் படிக்கவும். எங்கள் கம்பெனியில் லிபரலான ஆபீசர் என்றால் கேட்ட உடனே லீவு கொடுக்கிறவர். இந்தக் காலேஜ் பேருக்குத்தான் லிபரல். எல்லோரும் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டுமாம். ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது என்று டீன் சொல்கிறார். ‘தினமும் பஸ்ல வந்துட்டுப் போகட்டுமே’ என்று நான் கேட்டதற்கு, ‘நக்கோ’, அதாவது இந்த ஊர் ‘வேண்டாம்’, என்பதை எவ்வளவு மரியாதையான இங்கிலீஷில் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சேர வேண்டும். ரூமில் கூட இருக்கப் போகிறவள் அக்ஷதா என்று ஒரு சின்னப் பெண். அவள் இப்போதே வசந்திக்கு போன் பண்ணி, ‘ஆன்ட்டி, நீங்க குறட்டை விடுவீங்களா?’ என்று கேட்டுவிட்டாள். இவள் விடமாட்டாள் மச்சான், நான்தான் விடுவேன். அது இல்லாமல் அங்கே இவளுக்குத் தூக்கம் வருமா என்று தெரியவில்லை. எனக்கு வராது, அது நிச்சயம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. காபி போட்டுக்கொள்வேன், துணி துவைத்துக்கொள்வேன். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு ‘இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா’ என்று யாரிடம் சொல்வது? அதனால் மச்சான், தாங்கள் உடனே புறப்பட்டு ஞாயிறு காலைக்குள் வந்து சேரவும். மூத்தவர் என்கிற முறையில், ‘ஹாஸ்டலெல்லாம் வேண்டாம்மா, வீட்டிலிருந்தே ஏதாவது படி’ என்று ஒரு வார்த்தை சொல்லவும். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். தாங்கள் சொன்னால் தட்டமாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், அவர்களுடைய அத்தைப்பாட்டி வசந்தி மாதிரி படித்து முன்னுக்கு வர என் ஆசீர்வாதம்.

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்
மாப்பிள்ளை,
சிவஞானம்

பின்குறிப்பு: திங்கட்கிழமை. கூரியர்காரன் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வரவில்லை, அதனால் இது இன்றுதான் புறப்படுகிறது. நேற்றுக் காலை வசந்தி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் அடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். ‘உங்களை விட்டுட்டுப் போக மனசு வரல. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் நின்னுடுறேன்’ என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மேலே தங்களிடம் இத்தனை கெஞ்சியிருக்கிறேன். அதை அவளே கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன் மச்சான். ‘அங்க ராத்திரி குளிரும், கம்பளி எடுத்து வெச்சியா?’ என்று வந்தது.