எந்தக் கால் சார்?

காலை ஏழு மணிக்குக் கூடாரத்துக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து, எந்தக் காலைச் சுளுக்க வைப்பது என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தார் புவியியல் ஆசிரியர்.

வெளியே ஆறு இரைந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் ஆறு வரைந்தவர் அவர். மலையில் பிறந்து கடலில் விழும்வரை ஒரே கோட்டில், அரை நிமிடத்தில் வரைந்து முடிப்பார். ஆனால் நிஜ ஆற்றில் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. நீச்சல் தெரியாது. வீட்டில்கூட வாளியும் குவளையும்தான். ஷவர் என்றால் மூச்சு முட்டும்.

உடற்பயிற்சி ஆசிரியருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை என்றதும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டு பேரைக் கூடார முகாமுக்கும் படகுச் சவாரிக்கும் அழைத்துப்போகும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது.

"ஆறுன்னா உங்க சப்ஜெக்ட்தானே?" என்றார் தலைமையாசிரியை. இவரும் தலையாட்டிவிட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பேருந்தில் வரும்போது வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க வயசுல நான் இந்த மாதிரி ஆத்தை ஒரே மூச்சுல நீந்திக் கடப்பேன். நீங்கல்லாம் லிஃப்ட் இல்லாட்டி ரெண்டாவது மாடிக்கே போக மாட்டீங்க" என்று அளந்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும்.

இடது கால் என்று முடிவு செய்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐயோ! அம்மா!"

முதலில் ஓடி வந்தவர் படகுப் பயிற்சியாளர். முப்பது வயதுப் பெண். கழுத்தில் விசில், பேச்சில் சிக்கனம். பின்னாலேயே எட்டு பிள்ளைகளும் வந்து கூடார வாசலை அடைத்துக்கொண்டார்கள்.

"என்ன சார் ஆச்சு?"

"எழுந்திருக்கும்போது மடங்கிடுச்சும்மா. இடது கால்."

பயிற்சியாளர் கணுக்காலைத் தொடுவதற்கு முன்பே சார் அலறினார்.

"வீக்கமே இல்லையே?"

"உள்வீக்கம்மா."

"விரலை அசைங்க பார்ப்போம்."

அசைத்தால் குட்டு உடைந்துவிடுமே என்று பயந்தார் சார். "அசையலைம்மா. விரல் இருக்கிற மாதிரியே தெரியலை."

அங்கேதான் பிசகியது. பயிற்சியாளரின் முகம் மாறியது. "விரல் அசையலைன்னா எலும்போ நரம்போ போயிருக்கும். உடனே டாக்டரைப் பார்க்கணும்."

"அதுக்கென்ன, மெதுவா வேன்ல..."

"வேன் டவுனுக்குப் போயிருக்கு. எப்ப வரும்னு தெரியாது. போன் சிக்னலும் கிடையாது." பயிற்சியாளர் திரும்பி ஆற்றைப் பார்த்தார். "ஆத்தோட போனா முக்கால் மணி நேரம். இறங்குற இடத்துக்கு எதிர்லயே ஆஸ்பத்திரி."

"ஆத்தோடயா?" சாரின் குரல் கீச்சிட்டது.

உடனே வலி குறைந்துவிட்டது. அவரே ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைந்துவிட்டது. "இப்பப் பரவாயில்லைம்மா. இதோ பாருங்க, நடக்கிறேன்" என்று எழுந்து, ஒப்புக்கு நாலடி நொண்டிக் காட்டினார்.

வகுப்பில் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் 'கேள்வி' என்றே பெயர் வாங்கிய பெண் முன்னால் வந்தாள். "சார், இடது கால்னு சொன்னீங்க. வலது காலை நொண்டுறீங்க. எந்தக் கால் சார்?"

எல்லோரும் அவர் கால்களைப் பார்த்தார்கள்.

"ரெண்டும்தான்" என்றார் சார்.

"ரெண்டுமா!" கேள்வியின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "நாம பயந்துடக் கூடாதுன்னு ஒரு காலை மறைச்சிருக்காருடா!"

நெட்டை என்று அழைக்கப்பட்ட பையன் அவரை அலுங்காமல் பாயில் படுக்க வைத்தான். அதன்பிறகு அவர் காலைத் தரையில் ஊன்ற யாரும் விடவில்லை.

பயிற்சியாளர் பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனார். எட்டு தலைகளும் ஒன்றுகூடின. ஏதோ குசுகுசுத்தார்கள். சவாரி கிடைத்த சந்தோஷம் போலிருக்கிறது, படுபாவிகள் என்று நினைத்துக்கொண்டார் சார்.

"நிச்சயமாவா?" என்று பயிற்சியாளர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"சாருக்காகப் போறோம்க்கா" என்றான் நெட்டை.

சார் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "பிள்ளைங்க எதுக்கும்மா? பெத்தவங்க கையெழுத்து இல்லாம..."

"நேத்து நீங்கதானே சார் எட்டு ஃபாரமும் குடுத்தீங்க? எட்டு பேர் துடுப்புப் போட்டாத்தான் படகு சொன்ன பேச்சைக் கேக்கும்."

பாயோடு தூக்கினார்கள். உயிர்காப்பு உடை, தலைக்கவசம் மாட்டி, ரப்பர் படகின் நடுவில் கிடத்தினார்கள். உட்கார்ந்து வந்திருந்தால் வருவதையாவது பார்த்திருக்கலாம். படுத்த நிலையில் அவருக்கு வானம் மட்டுமே தெரிந்தது, மற்றதெல்லாம் சத்தம்.

முதல் பாறைச் சரிவில் படகு எகிறியது. ஒரு வாளித் தண்ணீர் முகத்தில் அறைந்தது. "ஐயோ, செத்தேன்!" என்று கத்தினார் சார்.

"சாருக்கு வலி தாங்கலை! வேகமா போடுங்கடா!" என்றாள் கேள்வி.

பதினாறு கைகளும் வேகம் பிடித்தன. வேகம் கூடக்கூட அவர் கத்தினார். அவர் கத்தக் கத்த அவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள்.

இரண்டாவது சரிவில் மானம் மரியாதை எல்லாவற்றையும் ஆற்றோடு விட்டுவிடத் துணிந்தார். "நிறுத்துங்க! பொய்! எனக்குக் கால்ல ஒண்ணுமே இல்லை!"

"வலியில பேத்துறாரு" என்றான் நெட்டை.

"மயக்கம் போட விடாதீங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க" என்று பின்னாலிருந்து உத்தரவு போட்டார் பயிற்சியாளர்.

கேள்வி துடுப்பை நிறுத்தாமலே குனிந்தாள். "சார், ஆத்துக்கு மூணு நிலை என்னென்ன சார்?"

"இளமை... முதிர்ச்சி... மூப்பு..." பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது.

"நாம இப்ப எந்த நிலையில சார் இருக்கோம்?"

"கடைசி நிலை!"

மூன்றாவது சரிவில் எட்டு பிள்ளைகளும் ஒரே குரலில் வீறிட்டார்கள். தனக்கு மட்டும்தான் உயிர்மேல் ஆசை என்று நினைத்திருந்த சாருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "குனிங்க! கயித்தைப் பிடிச்சுக்கோங்க! நான் இருக்கேன்ல!" என்று எப்படிச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. கேள்வியின் கை அவர் தோளைப் பற்றியது. அவரும் அதை விடவில்லை.

பிறகு சத்தம் அடங்கியது. படகின் அடி மணலில் உரசியது.

கரை என்று தெரிந்த மறுகணம், சார் பாயிலிருந்து துள்ளி எழுந்தார். படகை ஒரே தாவில் தாண்டினார். இருபது அடி ஓடி, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மரம் ஆடவில்லை. அப்படி ஒரு நிம்மதி.

திரும்பினார். சொட்டச் சொட்ட நனைந்த எட்டு பேரும் பயிற்சியாளரும் வரிசையாக நின்று அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கால்களும் நன்றாக, நேராக, உறுதியாக ஊன்றியிருந்தன.

இனி மழுப்பிப் பயனில்லை.

"சுளுக்கெல்லாம் இல்லைப்பா" என்றார் தரையைப் பார்த்தபடி. "எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணின்னா பயம். பஸ்ல சொன்னதெல்லாம் புளுகு. உங்க முன்னாடி ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. உங்களோட இந்தச் சவாரி ஆசையில நான் குறுக்க நிக்கவும் விரும்பலை. அதான் நான் மட்டும் நைசா கழண்டுக்கலாம்னு பார்த்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. கேள்வி நெட்டையைப் பார்த்தாள். நெட்டை பயிற்சியாளரைப் பார்த்தான். பயிற்சியாளர் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது சாலை ஓரமாக முகாம் வேன் வந்து நின்றது. வலைப்பை நிறையப் பந்துகளோடு இறங்கிய சமையல்காரம்மா, நனைந்துபோன கூட்டத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அடக் கொடுமையே, ஆத்துலயா வந்தீங்க? எட்டு பிள்ளைங்களும் நேத்து ராத்திரி சார் தூங்கினப்புறம் பயந்து அழுதுச்சுன்னு படகை ரத்து பண்ணிட்டு, இன்னிக்கு முழுக்க விளையாடப் பந்து வாங்கிட்டு வரச் சொல்லித்தானே என்னை வேன்ல அனுப்பினாங்க!"